எல்லோர் வீட்டிலும் எங்கள் கிளி

நாங்கள் வடக்கை விட்டு வந்த நாளைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை, புத்தளம் கரைத்தீவுப் பக்கம் எங்கள் குடியிருப்பிலிருந்த நாற்பது குடும்பங்கள் வரையில் தங்கள் சொந்தக் கதையாகக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தன. அதைக் கண்டுபிடிக்க நான் எங்கும் அலையவில்லை. அவற்றை வாசித்துச் சுருக்கிச் சொல்லும் வேலைக்கு என்னையே பிடித்திருந்தார்கள்.

போர்நிறுத்தம் என்று ஒன்று பெயருக்கு இருந்து, அதுவும் நாளுக்கு நாள் கிழிந்துகொண்டிருந்த காலம். ஆயுதத்தோடு வந்தவர்கள் முஸ்லிம்களான எங்களை வடக்கிலிருந்து வெளியேற்றி, நாங்கள் இடம்பெயர்ந்து வந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஆனாலும் கற்பிட்டி வீதியில் எங்களை இன்னும் 'அகதி ஆக்கள்' என்றுதான் சொன்னார்கள். குடியிருப்பில் பாதி வீடுகளுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. தென்னோலைக் கிடுகு போட்டுச் சமாளித்தார்கள். நான் அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு விடுமுறையில், கொழும்பிலிருந்து வந்த உதவி நிறுவனம் ஒன்று கூரைத் தகடு தருவதாகச் சொல்லி விண்ணப்பம் கேட்டது. அதன் உத்தியோகத்தர் ஒரு சிங்களப் பெண். தமிழ் தெரியாது. என் சிங்களம் புத்தளம் சந்தையில் பேரம் பேசத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்தத் தகுதியில் நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. 'உங்கள் இழப்பை உங்கள் சொந்த வார்த்தைகளில், ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுக.' தகடு கேட்கிறவர்களிடம் எதற்குக் கட்டுரை என்று கேட்டேன். பணம் தருகிற வெளிநாட்டுக்காரர்கள் வாசிக்க விரும்புகிறார்களாம். இரகசியம் காப்பதற்காக பெயரும் கையெழுத்தும் படிவத்தில்தான், அந்தப் பக்கத்தில் இலக்கம் மட்டும்தான் என்று உத்தியோகத்தர் பெருமையோடு சொன்னார்.

முதல் நாள் அவர் கள வேலைக்குப் போய்விட்டார். நான் தனியாக அலுவலகக் கதிரையில் இருந்து முதல் பக்கத்தை எடுத்தேன். நன்றாகத் தட்டச்சு செய்திருந்தது.

'அன்று காலை அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. துவக்கோடு வந்தவர்களையும் எங்கள் கிளி "வாங்க, இருங்க" என்றே வரவேற்றது.'

இது என் வாக்கியம். இரண்டு வருடத்துக்கு முன், வெளிநாட்டிலிருந்த பள்ளித் தோழன் ஒருவன் நடத்திய இணையதளத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது. கட்டுரையில் வாப்பா இருந்தார், மாதுளை மரம் இருந்தது, விறாந்தையில் தொங்கிய கூட்டில் பச்சைக் கிளி இருந்தது. அவசரத்தில் கூட்டைத் திறக்காமலே நாங்கள் ஓடி வந்ததும், கிளி பின்னாலிருந்து 'வாங்க, இருங்க' என்று கத்தியதும் கடைசிப் பந்தி. தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் அதை வாசித்து அழுததாக எழுதியிருந்தார்கள்.

முதல் பக்கத்தைக் கண்டபோது எனக்குக் கோபம் வரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் சந்தோஷம்தான். நம் எழுத்தை ஊரில் ஒருவராவது வாசித்திருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டாவது பக்கத்திலும் கிளி இருந்தது. மூன்றாவதிலும். ஐந்தாவது பக்கம் ஒரு விதவையுடையது. 'வாப்பா' என்று வந்த இடமெல்லாம் 'என் கணவர்' என்று மாற்றியிருந்தார்கள். 'என் கணவருக்கு நான் மூன்றாவது பிள்ளை. என் கணவர் என்னைத் தோளில் தூக்கிக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.' ஆறாவது பக்கத்தில், மூட்டு வலியால் மீன்பிடியை விட்டு இருபது வருடமாகிறது என்று தொடங்கிய ஒருவர், அடுத்த பந்தியில் பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஏழாவது பக்கம் கிளியின் ஓலத்தோடு முடிந்து, அதன் கீழே 'மிக அருமையான பதிவு நண்பரே, தொடர்ந்து எழுதுங்கள்' என்றும் ஒரு வரி கிடந்தது. இணையதளத்தில் வாசகர் ஒருவர் எனக்கு எழுதிய பாராட்டையும் சேர்த்தே எடுத்திருந்தார்கள்.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. வாப்பாவை எடுத்ததுகூடப் பரவாயில்லை. என் பாராட்டை எடுத்தது பொறுக்கவில்லை.

பரீட்சைத் தாள் திருத்திப் பழகிய கை சும்மா இருக்காதே. பென்சிலை எடுத்து ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் 'கொப்பி' என்று எழுதிக்கொண்டே போனேன். இருபதைத் தாண்டியபோது, பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் கையால் எழுதிய பக்கம் ஒன்று வந்தது. எழுத்துப் பிழை நிறைய. அதிலும் கிளி இருந்தது. ஆனால் இந்தக் கிளி 'வாங்க, இருங்க' என்று சொல்லவில்லை. 'சோறு வை, சோறு வை' என்று கத்திற்றாம். கூட்டைத் திறந்து விட்டார்களாம். அது கூட்டுக்கு மேலேயே ஏறி இருந்துகொண்டு போக மாட்டேன் என்றதாம். அதோடு கதை நின்றது, அரைப் பக்கத்தில். என் கதையை எடுத்ததும் போதாமல் அதைக் கெடுத்தும் வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதன் மூலையில் மட்டும் கொஞ்சம் பெரிதாக, 'படு மோசமான கொப்பி' என்று எழுதி, கட்டின் மேலே வைத்தேன்.

பின்னேரம் நேரே சந்தியிலிருந்த கொமியூனிகேஷனுக்குப் போனேன். இரண்டு கொம்பியூட்டர், ஒரு போட்டோகொப்பி மெஷின், வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் கதைக்க ஒரு கண்ணாடிக் கூண்டு. எங்கள் பகுதியில் தட்டச்சு அங்கு மட்டும்தான். கடைக்காரர் புத்தளத்து ஆள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என் கட்டுரையை அவருடைய திரையிலேயே திறந்து காட்டினேன்.

"இத எழுதினது ஆர் எண்டு தெரியுமா?"

"நெட்ல கிடந்த சாமான், மாஸ்டர்."

"மேல என்ட பேர் கிடக்கு. பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "யா அல்லாஹ், நீங்களா? கொப்பி பண்ணக்குள்ள நான் கீழ இருந்துதான் புடிச்சு எடுக்கிற. பேர் மேல நிண்டுட்டு." பிறகு கதிரையை இழுத்து என்னை இருக்கச் சொன்னார். "நல்லா எழுதியிருக்கீங்க மாஸ்டர். பொய் சொல்லல்ல. நான் எத்தன தரம் அடிச்சும் கடைசியில எனக்குக் கண் கலங்குது."

"அவங்கட கதைய அவங்கள்ட கேட்டு எழுதியிருக்கலாம்தானே?"

"கேட்டன். கேக்காமலா? வந்து முன்னால குந்திக்கொண்டு இருக்காங்க. என்ன நடந்த எண்டு கேட்டா, 'வந்தம்' எண்டுறாங்க. அதுக்குப் பிறகு? 'இருக்கம்' எண்டுறாங்க. ஃபோம்ல ஒரு பக்கம் வேணும் எண்டு கிடக்கு. 'வந்தம், இருக்கம்' எண்டு ஒரு பக்கத்துக்கு எப்படி அடிக்கிற?"

அவர் விடவில்லை.

"உங்களுக்கு என்ன நட்டம் சொல்லுங்க. ஒருத்தன் உங்கட சைக்கிளக் கொண்டுபோனா உங்களுக்குச் சைக்கிள் இல்ல. இது அப்படியா? உங்கட கதை இன்னும் உங்கள்ட்டதானே கிடக்கு?"

"கிடக்கு. ஆனா இப்ப அது எல்லாருக்கும் நடந்திருக்கே" என்றேன்.

"எல்லாருக்கும்தானே நடந்த?" என்றார் அவர்.

இந்த ஆளோடு கதைத்துப் பயனில்லை என்று எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்கள் நல்ல நல்ல வாக்கியங்களாக வந்துகொண்டிருந்தன. எழுத்து என்பது உழைப்பு. ஒருவனுடைய துயரத்தை அவனைக் கேட்காமல் எடுப்பது அவனுடைய வீட்டுக்குள் புகுவது போன்றது. இப்படியெல்லாம் எனக்குள் பேசிக்கொண்டு, ரோட்டில் படுத்திருந்த கழுதையைச் சுற்றி நடந்து, என் தாத்தா வீட்டுக்குப் போனேன். தாத்தா என்றால் என் மூத்த சகோதரி. எங்கள் பக்கத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். அவள் வாசலில் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"எங்கட கிளியா?" என்றாள் அவள். "எங்கட வீட்ட எந்தக் காலத்தில கிளி இருந்த?"

"விறாந்தையில தொங்கின கூடு, தாத்தா."

"விறாந்தையில தொங்கினது வாப்பாட லாம்பு. கிளி பக்கத்து வளவு மாமிட. நீ எந்த நேரமும் அவவிட வீட்டதான் கிடப்பாய். கிளிக்கு உறைப்புக் கொச்சிக்காய் குடுத்து அவவிட்ட ஏச்சும் வாங்கினாய்."

நான் நம்பவில்லை. அந்தக் கூடு அசைவதை, அதன் கீழே விழுந்துகிடந்த நெல்லுமியை, எல்லாவற்றையும் என்னால் காண முடிந்தது. பிறகு மெல்ல மெல்ல, கூட்டுக்குப் பின்னால் தெரிந்த சுவர் எங்கள் வீட்டுச் சுவரில்லை என்பதும் தெரியத் தொடங்கியது. எங்களுடையது வெள்ளைச் சுவர். அந்தச் சுவர் நீலம்.

"அது 'வாங்க, இருங்க' எண்டு சொல்லுமே?"

"அது ஆரையும் வா எண்டு சொன்னதில்ல. எந்த நேரமும் சோறுதான் கேக்கும். மாமி சொல்லுவா, இது கிளி இல்ல, என்ட புருஷன் எண்டு."

சோறு வை, சோறு வை. மாமியும் இதே குடியிருப்பில்தான் இருந்தார், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வரிசையில். "மாமி கூரைக்கு எழுதிக் குடுத்தாவா?" என்று கேட்டேன்.

"குடுத்தாதானே. கடைக்குப் போக மாட்டன் எண்டு தன்ட கையால எழுதினா. நான்தான் மகள்ட கொப்பியில தாள் கிழிச்சுக் குடுத்தன்."

நான் 'படு மோசமான கொப்பி' என்று மூலையில் எழுதி மேலே வைத்துவிட்டு வந்திருந்த பக்கம் அதுதான். அந்தக் கட்டு முழுவதிலும் கிளியின் சொந்தக்காரி எழுதிய ஒரே பக்கம். தாத்தாவிடம் அவளுடைய விண்ணப்பத்தில் என்ன எழுதினாள் என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கும் கடைக்காரர்தான் அடிச்சுத் தந்தார்."

"அதிலயும் கிளியா?"

"ஓம்."

"கிளி இல்ல எண்டு இப்பதானே சொன்னாய்!"

"நல்லா இருந்தது தம்பி" என்றாள் அவள், இறாலிலிருந்து தலையை எடுக்காமல். "வாசிச்சு அழுதுட்டன். கையெழுத்துப் போட்டன்."

மறுநாள் காலை, பென்சில் எழுத்தையெல்லாம் அழித்துவிட வேண்டும் என்று அழிறப்பரோடு அலுவலகத்துக்கு ஓடினேன். உத்தியோகத்தர் எனக்கு முன்பே வந்து, விண்ணப்பக் கட்டை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இந்த மூலையில எல்லாத்திலயும் ஒரு சொல் எழுதியிருக்கீங்க. இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் நாற்பது குடும்பத்துக்கும் கூரை இல்லை. போலி விண்ணப்பம் கொடுத்தவர்கள் என்ற பெயர் வேறு. தாத்தாவுக்கும் இல்லை. சொல்லாமல் விட்டால் என் எழுத்து போய்விடும். ஆனால் அது என் எழுத்துத்தானா என்பதே முதல் நாள் பின்னேரத்திலிருந்து எனக்குச் சந்தேகம். வாயில் வந்தது ஒரே ஒரு சொல்.

"கிளி, மிஸ்."

"கிளியா?"

"ஓம் மிஸ். கிளி வருகிற பக்கங்களைக் குறித்து வைத்தேன்."

அவர் பக்கங்களை மறுபடியும் புரட்டினார். அவருடைய கண்கள் விரிந்தன. "இவ்வளவு பேர் வீட்டிலும் கிளி இருந்ததா?"

"எங்கட பக்கத்தில கிளி நிறைய, மிஸ்."

"அப்படியென்றால் இதில் மட்டும் ஏன் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள்?" மாமியின் பக்கம். படு மோசமான கொப்பி.

"படு மோசமான கிளி" என்றேன். "எந்த நேரமும் சோறு கேட்கும்."

உத்தியோகத்தர் சிரித்தார். வேறு இரண்டு பக்கங்களைச் சுருக்கியும், அந்தப் பக்கத்தை முழுவதுமாகவும் மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். முடிந்ததும் அவர், கேட்டவற்றில் இதுதான் நன்றாக இருக்கிறது என்றார். அது எனக்கு எப்படிக் குத்தியது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவர் குறிப்பேட்டை எடுத்து, எங்கள் மக்களுக்கும் கிளிகளுக்கும் உள்ள உறவைப் பற்றி என்னிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். கலியாணத்தில் கிளிக்கு இடமுண்டா? கிளி இறந்தால் என்ன செய்வீர்கள்? நானும் விட்ட பொய்யை விட முடியாமல் பதில் சொன்னேன். பதினொரு மணிக்குள் வடபகுதி முஸ்லிம்களின் கிளிப் பண்பாடு இரண்டு பக்கத்துக்கு வந்துவிட்டது.

அன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மாமியிடம் போனேன். அவர் வளவில் வெங்காயம் பரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தியிருந்து, அவருடைய கிளியை நான் எனதாக எழுதியதையும், அது ஊரெல்லாம் போனதையும் சொன்னேன். அவர் எழுதிக் கொடுத்த தாளின் மூலையில் நான் பென்சிலால் எழுதியதையும் சொன்னேன். அவர் கையை நிறுத்தவில்லை.

"எடுத்தா எடுத்தாய். நீயும்தானே அதுக்குக் கொச்சிக்காய் குடுத்தாய். அது 'வாங்க' எண்டு சொன்னதா எழுதினாயாமே, அதுவும் போகட்டும். கடைசியில என்ன எழுதினாய்?"

"கூட்டைத் திறக்காம வந்தம் எண்டு."

இப்போது அவர் நிமிர்ந்தார். "ஏன்டா அப்படி எழுதின? நான் திறந்தன்தானே!"

"சோகமா இருக்கட்டும் எண்டு, மாமி."

"சோகமா இருக்கட்டும் எண்டு என்ட கிளியப் பூட்டி வெச்சுக் கொன்னுபோட்டாயா? அதையும் எத்தன பேர் எழுதிக் குடுத்திருக்காங்க? நாப்பதா? நாப்பது தரம் அது செத்துப் போச்சு!" வெங்காயத் தாளொன்றை எடுத்து என் தோளில் அடித்தார். விளையாட்டுக்கில்லை, உண்மையாகவே கோபம். "போய் மாத்தி எழுது. நான் திறந்தன் எண்டு எழுது. அழுதன் எண்டு மட்டும் எழுதிப்போடாத. நான் அழல்ல. அது போக மாட்டன் எண்டு நிண்டது எனக்கு எரிச்சல்."

அடுத்த வாரம் கண்ணாடிக் கூண்டுக்குப் பக்கத்திலிருந்த அதே கொம்பியூட்டரில் இருந்து, திருத்திய கட்டுரையை அனுப்பினேன். கிளி மாமியுடையது. கூடு திறக்கப்பட்டது. கிளி சோறு கேட்டது. பழையதை எடுத்துவிடும்படி தோழனுக்கு எழுதினேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுடைய தளத்தில் அதிகம் பேர் வாசித்தது அதுதானாம். அவன் எடுத்தாலும் வேறு எத்தனையோ தளங்களில் அது கிடக்கிறதாம், சிலவற்றில் வேறு ஆட்களின் பெயரில். புதியதைப் பக்கத்தில் போடுகிறேன் என்றான், போட்டான். நான் தினமும் கடைக்குப் போய், யாராவது ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்தேன். ஐந்தாம் நாள் ஒருவர் எழுதியிருந்தார். 'இந்தக் கதையை ஏற்கெனவே பல இடங்களில் வாசித்திருக்கிறேன். முடிவைக் கெடுத்துத் தன் பெயரில் போட்டிருக்கிறார். அடுத்தவர் உழைப்பைத் திருடாதீர்கள்.'

கடைக்காரர் என் தோளுக்கு மேலால் அதை வாசித்துவிட்டு, "கேஸ் போடலாம் மாஸ்டர்" என்றார். யார் மீது என்று நான் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து லொறி வந்தது. எல்லோருக்கும் தகடு கிடைத்தது. தகடுகளோடு, ஒவ்வொரு வீட்டுக்கும் புத்தம் புதிய இரும்புக் கம்பிக் கூடு ஒன்றும் இறங்கியது. மக்களின் மனக்காயம் ஆறுவதற்காகத் தலைமை அலுவலகம் விசேஷமாக அனுமதித்ததாம். கிளி பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பதால் கூடு மட்டும். உத்தியோகத்தர் என்னைப் பார்த்து, நாம் சேர்ந்து செய்த வேலை என்பதுபோல் தலையாட்டினார். வடக்கே சண்டை மறுபடியும் பெரிதாகத் தொடங்கியிருந்தது, ரோட்டில் சோதனைச் சாவடிகள் கூடியிருந்தன. அத்தனையையும் தாண்டி நாற்பது வெறும் கூடுகள் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தன.

ஒருவரும் எதற்கென்று கேட்கவில்லை. உதவியாக வருகிற பொருளை எதற்கென்று கேட்டால் அடுத்த முறை தரமாட்டார்கள் என்பது பதினைந்து வருடப் பழக்கம். சிலர் கோழிக்குஞ்சு அடைத்தார்கள். தாத்தா காகம் தூக்காமல் கருவாடு காயவைத்தாள். மறுமாதம் வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் கமெராவோடு பார்வையிட வந்தார்கள். தாத்தாவின் கூட்டைக் கண்டு, பறவை எங்கே என்று உத்தியோகத்தர் மூலம் கேட்டார்கள். கருவாட்டை அன்று காலைதான் எடுத்து உள்ளே வைத்திருந்தாள்.

"பறந்து போயிட்டு" என்றாள் தாத்தா, கண்ணிமைக்காமல்.

நான் அதைச் சிங்களத்தில் சொல்ல, உத்தியோகத்தர் ஆங்கிலத்தில் சொன்னார். வந்தவர்களில் ஒரு பெண் கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமி மட்டும் கூட்டை வாங்கவில்லை. லொறிக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கு வேறு பிரச்சினை இருந்தது. கிடைத்த தகடுகளில் ஒன்றில் ஓட்டை. முதல் மழைக்கே ஒழுகிற்று. கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். கடைக்குப் போக மாட்டாராம்.

நான் தாளை எடுத்து, 'எத்தனையோ மழைகளைக் கூரையில்லாமல் கழித்த எங்களுக்கு' என்று தொடங்கினேன்.

"என்ன எழுதிற? வாசி."

வாசித்தேன்.

"வெட்டு. தகட்டில ஓட்ட, மழ ஒழுகுது, மாத்தித் தாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவு சின்னதா எழுதினா கவனிப்பாங்களா மாமி?"

"நீ எழுது."

எழுதினேன். மூன்று வரி. அவர் தானே வாங்கி, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்துப் பார்த்தார். நான் எதையாவது கூட்டி எழுதியிருப்பேன் என்ற சந்தேகம் அவருக்கு. பிறகு கீழே தன் பெயரை முழுதாக எழுதினார், தகப்பன் பெயரும் சேர்த்து. அடுத்த வியாழக்கிழமை ஒருவன் சைக்கிளில் தகடு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து மாற்றிப் போட்டுவிட்டுப் போனான்.